சர்வரைத் தொட்டவள்

ஜொகூர் பாருவை அடுத்த செனாய் விமான நிலையத்துக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு குளிர்பதனக் கிடங்கில் காளிதாஸ் பதினான்கு ஆண்டுகளாகக் கணினிப் பிரிவுத் தலைவராக இருந்தார். அந்தப் பிரிவில் மொத்தம் இரண்டு பேர். தலைவர் அவர். வேலை செய்தவள் சந்திரமதி.

இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. காளிதாஸ் பிரிண்டருக்கு மை மாற்றுவார், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாஸ்வேர்டு கொடுப்பார், கூட்டங்களுக்குப் போவார். இறால், மீன், ஐஸ்கிரீம் என்று மூன்று குளிர் அறைகளின் வெப்பநிலையையும் கண்காணிக்கிற சர்வரைச் சந்திரமதி பார்த்துக்கொண்டாள். அவள் அவரைவிட ஒன்பது வயது இளையவள். பண்டார் தெங்காராவிலிருந்து தினமும் செம்பனைக் காடுகளுக்கு நடுவே கார் ஓட்டிக்கொண்டு எட்டு மணிக்கு முன்னால் வந்துவிடுவாள். சர்வர் அறைக் கதவைத் திறந்ததும் ஒரு நிமிடம் சும்மா நிற்பாள். விசிறிகளின் சத்தத்தைக் கேட்டே இன்றைக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், சிங்கப்பூரில் இருக்கும் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஒரு பட்டியல் அனுப்பினார். அதில் பத்தொன்பதாவது வரி: சர்வர் அறையின் சாவி சான்றிதழ் பெற்ற நிர்வாகியிடம் மட்டுமே இருக்க வேண்டும்.

மேலாளர் செல்வா இருவரையும் கூப்பிட்டார். “ரெண்டு பேரும் போய் சான்றிதழ் எடுத்துட்டு வந்துருங்க. ஸ்கூடாய்ல ஒரு மன்றம் இருக்கு. ஆறு வாரம், சனி ஞாயிறு மட்டும்தான். எடுக்காதவங்க சர்வர் ரூமுக்குள்ள போக முடியாது. நான் சொல்லல, அவங்க சொல்றாங்க.”

“நாங்க தினம் செய்ற வேலதானே சார்?” என்றாள் சந்திரமதி.

“செய்றது வேற, தகுதி வேற,” என்றார் செல்வா. சொல்லிவிட்டு, தான் சொன்னது என்ன என்று அவரே ஒரு கணம் யோசித்தது போலிருந்தது.

வழங்கி என்றால் சர்வர்தான். தென்மண்டல வழங்கி நிர்வாகத் தகுதி மன்றம் ஸ்கூடாயில் ஒரு டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. வாசலிலேயே காலணியைக் கழற்ற வேண்டும். உள்ளே கூடத்தின் நடுவில், ஆளுயரக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சர்வர் நின்றது. அதற்குச் சிவப்பு வெல்வெட் துணி போர்த்தி, முகம் மட்டும் தெரியும்படி விட்டிருந்தார்கள். முன்னால் கயிறு கட்டியிருந்தது.

முதல் நாள் மன்றத்தின் தலைவர் டாக்டர் ரூபேந்திரன் உரையாற்றினார். கோட்டுப் போட்டிருந்தார். பயிற்சிக்கு வந்திருந்த நாற்பது பேரும் எழுந்து நின்று கேட்டார்கள்.

“நம்ம மன்றம் தொடங்கிப் பதினோரு வருஷம் ஆச்சு. இந்தப் பதினோரு வருஷத்துல இந்த சர்வர் ஒரு தடவ, ஒரே ஒரு தடவகூட டவுன் ஆனதில்ல. உலகத்துல எந்தப் பெரிய கம்பெனியாவது இப்படிச் சொல்ல முடியுமா? எப்படி முடிஞ்சிச்சுன்னு எங்கிட்ட நிறைய பேரு கேட்டிருக்காங்க. ஒழுக்கம்! நாங்க அத ஆன் பண்ணினதே இல்ல.”

எல்லோரும் கைதட்டினார்கள். காளிதாஸும் தட்டினார். சந்திரமதி மட்டும் கண்ணாடிப் பெட்டியின் பின்புறம் எட்டிப் பார்த்தாள். அங்கே மின்கம்பியே இல்லை.

பாடம் நடத்த லோஷினி என்ற பயிற்றுநர் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். நல்ல பெண். ஆளுக்கொரு தடித்த புத்தகம் கொடுத்தாள். அதில் நானூற்றுப் பன்னிரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் கீழே விடை. தேர்வில் வரும் அறுபது கேள்விகளும் இதற்குள்ளிருந்துதான் வரும் என்றாள்.

“கேள்வியப் படிக்காதீங்க,” என்று முதல் வகுப்பிலேயே எச்சரித்தாள். “படிச்சா குழப்பிடும். முதல் மூணு வார்த்தையப் பாருங்க, விடையோட எழுத்த மட்டும் மனசுல வைங்க.”

பதினேழாவது கேள்வியில் சந்திரமதி கையைத் தூக்கிவிட்டாள். சர்வர் இயங்கவில்லை, நிர்வாகி முதலில் என்ன செய்ய வேண்டும் என்பது கேள்வி. மின் இணைப்பைச் சரிபார்ப்பது ஏ. பதிவேடுகளைப் படிப்பது பி. மேலதிகாரிக்குக் கடிதம் எழுதுவது சி. சம்பவப் படிவத்தை மூன்று பிரதிகளில் நிரப்புவது டி.

“‘ஏ’தானே?” என்றாள் சந்திரமதி.

“டி,” என்றாள் லோஷினி.

“படிவத்த நிரப்புற நேரத்துல உள்ள இருக்கற இறால் கெட்டுப் போயிருமே.”

லோஷினி அவளைப் பரிவோடு பார்த்தாள். “அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அனுபவம் உள்ளவங்கதான் இந்தப் பரீட்சைல அதிகமா ஃபெயில் ஆவாங்க. போன தடவ ஃபர்ஸ்ட் வந்தவரு பூக்கடை வச்சிருக்காரு.”

காளிதாஸுக்கு அந்த வார்த்தை பெரிய ஆறுதலாக இருந்தது. அவருக்கு அனுபவம் அதிகம் இல்லை. எழுத்துகளை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தார். காரில் போகும்போது பி, டி, டி, ஏ என்று முணுமுணுப்பார். ஸ்கூடாய் சாலையின் நெரிசல் அதற்குத் தோதாக இருந்தது. ஒரு சிக்னலுக்கு இருபது கேள்வி. சமையலறையில் மனைவி செல்வராணி புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணைச் சொன்னால் இவர் எழுத்தைச் சொல்வார். நான்காவது வாரத்தில் நானூற்றுப் பன்னிரண்டும் வந்துவிட்டன. ஒன்றுகூடப் புரியவில்லை.

சந்திரமதி ஒவ்வொரு கேள்வியோடும் சண்டை போட்டாள். புத்தகத்தின் ஓரங்களில் பென்சிலால் திருத்தங்கள் எழுதினாள். திருத்தியதை லோஷினியிடம் காட்டினாள். புத்தகத்தில் எழுதக்கூடாது என்று லோஷினி ஒரு ரப்பர் கொடுத்தாள்.

செய்முறை வகுப்பு என்று ஒன்றும் நடந்தது. ஒவ்வொருவராகக் கயிற்றுக்கு முன்னால் போய் நின்று, நீண்ட குச்சியால் கண்ணாடிக்குள் இருக்கும் சர்வரைச் சுட்டி, “இப்போது நான் இதை நிறுத்துகிறேன்” என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். குச்சி கண்ணாடியில் பட்டால் ஐந்து மதிப்பெண் போய்விடும். காளிதாஸ் முழு மதிப்பெண் வாங்கினார். சந்திரமதி, “அது ஏற்கெனவே நின்னுதான் இருக்கு” என்று சொல்லி, பாதி மதிப்பெண்தான் வாங்கினாள்.

தேர்வு நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு எல்லோருடைய காதுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். உதடு அசைந்தால் வெளியேற்றப்படுவீர்கள் என்று அறிவித்தார்கள். காளிதாஸுக்கு முணுமுணுக்காமல் எழுத்து வராது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு, நாக்கால் அண்ணத்தில் எழுதிப் பார்த்துப் பார்த்து, கணினியில் விடைகளை அழுத்தினார். ஐம்பத்து மூன்று கேள்விகள் முடித்திருந்தார். பக்கத்து மேசையில் சந்திரமதி முப்பதைத் தாண்டியிருக்கவில்லை.

அப்போது நாற்பது திரைகளும் ஒரே நேரத்தில் வெள்ளையாயின.

தேர்வை நடத்துகிற சர்வர் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது அல்ல. அது பின்னாலிருந்த சிற்றுண்டி அறையில், மைலோ டின்களுக்குப் பக்கத்தில் இருந்தது. டாக்டர் ரூபேந்திரனுக்கு யாரோ தேநீர் போட கெட்டிலைத் தட்டியிருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே பிளக் கட்டை. மின்சாரம் போய்விட்டது.

யாரோ ஸ்விட்சை மறுபடி தூக்கிவிட்டார்கள். திரைகள் உயிர்பெற்றன. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: உங்கள் தேர்வு தொடங்க இன்னும் பதினைந்து ஆண்டுகள் உள்ளன.

லோஷினி கையேட்டைப் புரட்டினாள். பிறகு நிமிர்ந்து, “எல்லாரும் அமைதியா காத்திருங்க” என்றாள்.

டாக்டர் ரூபேந்திரன் வந்தார். சான்றிதழ் பெற்ற நிர்வாகி மட்டுமே சர்வரைத் தொடலாம் என்பது மன்றத்தின் முதல் விதி. மன்றத்தில் சான்றிதழ் பெற்றவர்கள் ஒருவரும் வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிய வந்தது.

“டாக்டர், உங்ககிட்ட இருக்குல்ல?” என்று லோஷினி மெதுவாகக் கேட்டாள்.

“நான் சான்றிதழ் கொடுக்கறவன்மா. வாங்கறவன் இல்ல,” என்றார் அவர். முப்பது நிமிடத்துக்குள் சரியாகாவிட்டால் எல்லா விடைகளும் செல்லாது, அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்துத்தான் என்று அறிவித்துவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

காளிதாஸ் தன் திரையைப் பார்த்தார். ஐம்பத்து மூன்று எழுத்துகள். ஆறு மாதத்தில் அவற்றில் ஒன்றுகூட மிஞ்சாது. அவர் சாய்ந்து கிசுகிசுத்தார்.

“சந்திரா, என்னான்னு தெரியுதா ஒனக்கு?”

“உள்ள இருக்கற சின்ன பேட்டரி செத்துப் போச்சுண்ணே. கரண்ட் போனதும் தேதி பின்னாடி போயிருச்சு. தேதிய மாத்தினா வந்துரும்.”

“அப்ப போய் மாத்திட்டு வாயேன்.”

“தொடக்கூடாதுன்னு போட்டுருக்காங்களே.”

“அலமாக், ஐயோ, நாப்பது பேரு உக்காந்திருக்காங்க லா. நல்லதுதானே செய்யப் போற? யாராச்சும் கேட்டா நான் இருக்கேன்.”

சந்திரமதி எழுந்து போனாள். கெட்டிலைப் பிடுங்கினாள். பாஸ்வேர்டு, திரையின் ஓரத்தில் மஞ்சள் தாளில் எழுதி ஒட்டியிருந்தது. நான்கு நிமிடத்தில் தேதி சரியானது. நாற்பது பேரின் விடைகளும் அப்படியே திரும்பி வந்தன. காளிதாஸ் மீதி ஏழு எழுத்துகளையும் மறப்பதற்குள் அழுத்திவிட்டார். திரும்பி வந்த சந்திரமதியால் தன் மேசையில் உட்கார முடியவில்லை. லோஷினி அங்கே ஒரு சிவப்பு அட்டையை வைத்திருந்தாள்.

புதன்கிழமை விசாரணை நடந்தது. நீள மேசைக்குப் பின்னால் டாக்டர் ரூபேந்திரன் உட்கார்ந்திருந்தார். லோஷினி குறிப்பெடுத்தாள்.

“சர்வர் டவுன் ஆனது ஒரு சம்பவம்,” என்று தொடங்கினார் டாக்டர். “அத நாங்க குற்றமா பாக்கல. அந்த நேரத்துல எல்லாரும் விதிப்படி உக்காந்திருந்தாங்க. எனக்கு ரொம்ப பெருமையா இருந்துச்சு. ஆனா சர்வர் திரும்பி வந்துச்சு பாருங்க, அங்கதான் ஒழுங்கு கெட்டுப் போச்சு. சான்றிதழ் இல்லாத ஒரு ஆளு நாலு நிமிஷத்துல சரி பண்ணிட்டா, அப்புறம் சான்றிதழ் எதுக்குன்னு நாளைக்கு ஒருத்தன் கேக்க மாட்டானா?”



டாக்டர் காளிதாஸ் பக்கம் திரும்பினார். “மிஸ்டர் காளிதாஸ், நீங்க பக்கத்துல உக்காந்திருந்தீங்க. இவங்கள யாராவது போகச் சொன்னாங்களா? தூண்டினவங்களுக்கும் இதே தண்டனைதான்.”

அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சந்திரமதி அவரைப் பார்க்கவே இல்லை, மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஞாபகம் இல்ல சார்,” என்றார் காளிதாஸ்.

லோஷினி அதை எழுதிக்கொண்டாள்.

சந்திரமதிக்கு இரண்டு ஆண்டுகள் தடை. காளிதாஸுக்கு அறுபதுக்கு ஐம்பத்தெட்டு. அந்தத் தேர்வில் முதலிடம்.

செல்வராணி சான்றிதழைச் சட்டம் போட்டு சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினாள். அதன் மூலையில் குங்குமமும் வைத்தாள். காளிதாஸ் காலையில் கும்பிடும்போது முருகனைப் பார்த்தால் கண் அங்கே போனது, பிள்ளையாரைப் பார்த்தாலும் அங்கேதான் போனது. இரண்டு வாரத்துக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டே கும்பிடப் பழகினார்.

கிடங்கில் சந்திரமதியைச் சரக்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். தடித்த குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு இறால் பெட்டிகளை எண்ணினாள். சர்வர் அறை வாசலில் செல்வா மஞ்சள் நாடா ஒன்றைத் தரையில் ஒட்டச் சொன்னார். அதைத் தாண்டிச் சான்றிதழ் இல்லாதவர்கள் கால் வைக்கக்கூடாது.

மூன்றாம் நாளே குளிர் அறையின் எச்சரிக்கை மணி அடித்தது. காளிதாஸ் உள்ளே ஓடினார். விசிறிகள் ஏதோ சொல்லின. அவருக்கு அந்த மொழி தெரியாது. வெளியே வந்து சரக்குப் பிரிவுக்கு ஓடினார்.

சந்திரமதி வந்தாள். மஞ்சள் நாடாவில் ஷூ நுனி தொடாமல் நின்றுகொண்டு எட்டிப் பார்த்தாள்.

“இடது பக்கம், ரெண்டாவது டிரே. சிவப்பு லைட் எரியுதாண்ணே?”

“எரியுது.”

“அந்த டிஸ்க்க மெதுவா இழுங்க. அது இல்ல, அது நல்லா இருக்கறது. கைய எடுங்க!”

ஒரு மணி நேரம் ஆயிற்று. அவளே செய்திருந்தால் ஐந்து நிமிடம். செல்வா பின்னால் நின்று கண்காணித்தார். “நீங்க சொல்லலாம், சந்திரமதி. தொடக்கூடாது. சொன்னதும் எங்கயும் எழுத்துல வரக்கூடாது,” என்றார். மாதக் கடைசியில் வாடிக்கையாளரின் தணிக்கை அதிகாரி வந்தார். கோளாறை ஒரு மணி நேரத்தில் சரிசெய்த சான்றிதழ் பெற்ற நிர்வாகியைப் பாராட்டி அறிக்கை எழுதினார். அதைச் செல்வா அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். பெட்டி எண்ணப் போகும் வழியில் சந்திரமதி அதைத் தினமும் கடக்க வேண்டியிருந்தது.

காளிதாஸ் உணவகத்தில் அவள் இருக்கும் மேசையைத் தவிர்த்தார். அவள் வழக்கம்போல, “சாப்டீங்களாண்ணே?” என்று கேட்டாள். அவள் ஒருநாள் கேட்காமல் போயிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மன்றத்தின் பட்டமளிப்பு விழாவில் முதலிடம் பெற்றவர் பேச வேண்டும் என்று அழைப்பு வந்தது. இதுதான் இடம் என்று காளிதாஸ் முடிவு செய்தார். ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டல் மண்டபம். முந்நூறு பேர். மாலை போட்டார்கள். ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“எனக்கு சர்வரப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்க,” என்றார். “எழுத்த மட்டும்தான் மனப்பாடம் பண்ணேன். அன்னிக்கு சர்வரத் தொட்டவங்கள நான்தான் போகச் சொன்னேன். விசாரணைல ஞாபகம் இல்லன்னு பொய் சொன்னேன். இந்த முதல் இடம் எனக்குரியது இல்ல.”

டாக்டர் ரூபேந்திரன் எழுந்து வந்து இன்னொரு ஒலிவாங்கியை எடுத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“பாத்தீங்களா? இதுதான் நம்ம மன்றம் கத்துக் கொடுக்கற அடக்கம்! முதல் இடம் வாங்கிட்டு ஒண்ணும் தெரியாதுங்கறாரு. அடுத்தவங்க தப்பத் தன் தலைமேல போட்டுக்கறாரு. ஐம்பத்தெட்டு மார்க்கு எடுத்தவரால மட்டும்தான் இப்படிப் பேச முடியும்!”

முந்நூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். செல்வராணி முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் காளிதாஸ் நேராக மன்றத்துக்குப் போய், சட்டத்திலிருந்து கழற்றிய சான்றிதழை டாக்டரின் மேசையில் வைத்தார். “நான் மேடைல சொன்னது எல்லாம் நெஜம் சார். இத எடுத்துக்குங்க. அந்தப் பொண்ணு மேல இருக்கற தடைய எடுத்துருங்க.”

டாக்டர் சான்றிதழைத் தொடவில்லை. “நீங்க திருப்பிக் கொடுத்துட்டா சான்றிதழ் இல்லாத ஆளாயிடுவீங்க. சான்றிதழ் இல்லாத ஆளோட சாட்சியத்த வச்சு நாங்க தடைய எப்படி எடுக்கறது?”

“அப்ப நானே வச்சுக்கறேன். சாட்சி சொல்றேன்.”

“எங்க சான்றிதழ் வச்சிருக்கறவரு பொய் சொன்னாருன்னு நாங்களே எழுத முடியுமா, மிஸ்டர் காளிதாஸ்? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.”

காளிதாஸ் யோசித்துப் பார்த்தார். பிறகும் சான்றிதழை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தார். அப்போதுதான் டாக்டர் இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். சான்றிதழை ஒப்படைக்க விரும்புகிறவர்கள், தாங்கள் எதை ஒப்படைக்கிறோம் என்று அறிந்தவர்களாக இருக்க வேண்டும். அதற்கென்று தனித் தேர்வு. இருபது கேள்விகள்.

இந்த முறை காளிதாஸ் எதையும் மனப்பாடம் செய்யவில்லை. இருபதையும் முழுதாகப் படித்து, மனதில் உண்மை என்று பட்டதைத் தேர்ந்தெடுத்தார். சர்வர் இயங்காவிட்டால் மின் இணைப்பைப் பார்ப்பேன் என்று அழுத்தினார். இருபதுக்கு மூன்று வந்தது. பத்து நாளில் கடிதமும் வந்தது, கூடவே சான்றிதழும். ஒப்படைக்கும் தகுதியைத் தாங்கள் பெறவில்லை. ஆகவே தங்கள் தகுதி தொடர்கிறது. வாழ்த்துகள்.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் சரக்குப் பிரிவுக்குப் போனார். சந்திரமதி கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கிப் படித்தாள். முதலில் அவள் தோள்கள் குலுங்கின. பிறகு சத்தமாகவே சிரித்துவிட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அவர் கேட்ட சிரிப்பு அது. அதுவும் அவருக்கு வலித்தது.

“நீ ஏன் அன்னிக்கு என் பேரச் சொல்லல?” என்று கேட்டார்.

“சொன்னா உங்களுக்கும் ரெண்டு வருஷம். அப்புறம் சர்வர் ரூமுக்குள்ள போக ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. மூணு ரூம்லயும் சரக்கு கிடக்குதுண்ணே.” பெட்டியின் மேல் கடிதத்தை வைத்துவிட்டு, “நானே வந்து சொல்லணும்னு இருந்தேன். சிங்கப்பூர்ல வேல கெடச்சிருச்சு. திங்கக்கிழமலேருந்து,” என்றாள்.

“சான்றிதழ் கேக்கலியா?”

“ஒரு கெட்டுப்போன சர்வரக் காட்டி சரி பண்ணச் சொன்னாங்க. பண்ணேன். அவ்வளவுதான்.”

காளிதாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மன்னிப்பு என்ற சொல் வருவதற்குள் அவள் குறுக்கிட்டாள்.

“அதெல்லாம் வேணாம்ணே. நான் போயிட்டா வாசல்ல நின்னு சொல்றதுக்கு ஆள் இல்ல. இன்னும் மூணு நாள் இருக்கு. ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துட்டு வாங்க. உங்களுக்குத் தெரியாததெல்லாம் அதுல வரிசையா எழுதுங்க. சாயந்திரம் வேல முடிஞ்சதும் ஒண்ணொண்ணா சொல்லித் தரேன்.”

அவர் அலுவலகத்துக்குப் போய் புது நோட்டு ஒன்றை எடுத்தார். வெகுநேரம் முதல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் கொண்டுபோய் நீட்டினார். அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: அன்றைக்கு உன்னைப் போகச் சொன்னவன் நான்.

சந்திரமதி படித்தாள். குளிர் அறைக்கு வெளியேதான் நின்றார்கள், ஆனாலும் அவள் சட்டையின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

“இது எனக்குத் தெரியும்ணே. உங்களுக்குத் தெரியாதத எழுதுங்க.”

காளிதாஸ் பக்கத்தைத் திருப்பினார். எண் ஒன்று என்று போட்டார். எழுத ஆரம்பித்தார். அந்தப் பக்கம் போதவில்லை, அடுத்ததும் போதவில்லை. ஊழியர் பேருந்து ஒலி எழுப்பிவிட்டுப் போயிற்று. அவர் எழுதி முடிக்கும்வரை சந்திரமதி இறால் பெட்டியின் மேல் உட்கார்ந்து காத்திருந்தாள்.